பழைய ஃபோர் வீல் வண்டியில் சத்தமும் பிடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்தியமங்கலம், கோபி, அந்தியூர்ப் பக்கம் ஃபோர் வீல், அதாவது வேண்டும்போது நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற வசதி உள்ள பழைய ஜீப்பும் ஜிப்சியும் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றுவதும் மலை ஊர்களுக்குச் சாமான் கொண்டுபோவதும் அவைதான். அவற்றின் அடியில் படுத்து வேலை பார்ப்பவன் நான். பட்டறைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் வந்ததும் ஹவுசிங்கையோ (அச்சின் நடுவே கியர்கள் இருக்கிற உருண்டைப் பெட்டி) கியர் பெட்டியையோ பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். என் கைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருந்தது.

1. ஃபோர் வீல் போட்டுத் தார் ரோட்டுல திருப்பினா வண்டி பிடிச்சு இழுக்குதுங்ணா. ரிப்பேருங்களா?

ரிப்பேர் இல்லை. பழைய ஜீப், ஜிப்சி, ஃபோர் வீல் பொலிரோ எல்லாவற்றிலும் லீவரைப் போட்டால், இழுப்பை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்குள், முன் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட்டும் பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். ஆனால் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் வளைவில் உள்வாங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான்.

கணக்குப் போட்டால் தெளிவாகப் புரியும். ஜிப்சியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே கிட்டத்தட்ட 2.4 மீட்டர். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், முன் அச்சு 5.5 மீட்டர் ஆரத்தில் அரை வட்டம் அடிக்கிறது என்று வையுங்கள். முன் அச்சு 17.3 மீட்டர் ஓடும்; பின் அச்சு 15.5 மீட்டர்தான் ஓடும். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் வித்தியாசம், டயருக்கு முக்கால் சுற்று. செம்மண் காட்டில் டயர் கொஞ்சம் சறுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் அப்படிச் சறுக்காது. அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்ட் மேலும் அதன் முனைகளில் சாய்ந்து சுற்ற விடுகிற கிராஸ் (யுனிவர்சல் ஜாயிண்ட்) மேலும் கியர் பற்கள் மேலும் ஏறும். ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பிடித்தது போல வண்டி திணறும், டயர் குதித்துக் குதித்து உரசும். அதனால் சேறு, மணல், களிமண், சரளை ஏற்றம் என்றால் ஃபோர் வீல் போடுங்கள். காய்ந்த தாரிலும் கான்கிரீட்டிலும் எடுத்துவிடுங்கள்.

நடுவில் தனி டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பு) வைத்து, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் வேறு ரகம். அவற்றில் தாரில் திரும்பும்போது பிடித்தால் அது கோளாறுதான்.

2. தார் ரோட்டுக்கு வந்து டூ வீலுக்கு மாத்தலாம்னா லீவரே வர மாட்டேங்குதுங்க. உடைச்சு எடுக்கறதா?

லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். மேலே சொன்ன முறுக்கு உள்ளே நிற்கிறது. பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால் கியர் நகரவில்லை. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மெதுவாக ஐந்தாறு மீட்டர் ரிவர்ஸ் போங்கள். போகும்போதே லீவரைக் கையால் லேசாக இழுத்துப் பிடித்திருங்கள். முறுக்கு அவிழ்கிற நொடியில் அது தானாக வந்துவிடும். வரவில்லை என்றால் ஒரு பக்கச் சக்கரங்களை ரோட்டோர மண்ணில் இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

சிலர் ஒரு சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி முறுக்கை எடுப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் டயர் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் படாரென்று சுற்றும். கையும் முகமும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

3. எந்தச் சத்தம் வந்தா எங்க கோளாறுன்னு ஒரே வரியில சொல்லுங்ணா.

ஒரு வரியில் அடங்காது. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். காலி ரோட்டில் நான்கு விஷயம் பாருங்கள். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது கூடுகிறதா, விடும்போது கூடுகிறதா? கிளட்ச் மிதித்து நியூட்ரலில் உருளவிட்டால் நிற்கிறதா? நின்றால் இன்ஜின், கிளட்ச், கியர் பெட்டிப் பக்கம். நிற்காமல் வண்டி வேகத்தோடு வந்தால் அதற்குப் பின்னால் இருப்பவை. இடது வலது வளைவில் மாறுகிறதா? ஃபோர் வீல் போட்டால்தான் வருகிறதா, டூ வீலிலும் வருகிறதா? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

4. கிளம்பறப்ப 'டொக்'குனு ஒரு அடி. கிரவுன் பினியன் போயிருச்சுன்னு சொல்றாங்க, நெசமுங்களா?

பார்க்காமல் சொன்னால் நம்பாதீர்கள். அந்த அடி எங்கோ ஒரு இடத்தில் தளர்வு இருப்பதைத்தான் காட்டுகிறது. அந்தத் தளர்வு ஐந்தாறு இடங்களில் இருக்கலாம். ஹவுசிங்குக்குள் ஷாஃப்ட்டின் சுற்றை அச்சுக்குத் திருப்பிக் கொடுக்கிற கியர் ஜோடியான கிரவுன் பினியன் அதில் கடைசி.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து அடியில் படுங்கள். புரப்பல்லர் ஷாஃப்ட்டை (அச்சுக்குப் போகிற அந்த ஷாஃப்ட்தான்) ஒரு கையால் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள். இன்னொரு கையின் கட்டை விரலைக் கிராஸ் கப்பும் (கிராஸின் முனையை மூடுகிற பேரிங் கிண்ணம்) அதைப் பிடிக்கிற கவையான ஃபோர்க்கும் சேருமிடத்தில் வையுங்கள். ஷாஃப்ட் அசைந்து ஃபோர்க் அசையாமல் இருந்தால், நடுவில் இருக்கிற அந்த நூலளவு ஆட்டம் விரலுக்குத் தெரியும். நல்ல கிராஸில் அது அறவே இருக்கக் கூடாது. அப்புறம் ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற இடமான ஸ்லிப் ஜாயிண்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் நட்டுகளையும், அச்சோடு சேர்த்துப் பட்டைக்கு (லீஃப் ஸ்பிரிங்) போட்டிருக்கிற யூ போல்ட்டுகளையும் ஸ்பானர் வைத்து இறுக்கிப் பாருங்கள். யூ போல்ட் தளர்ந்தால் அச்சே பட்டை மேல் உருண்டு அடிக்கும், அந்தச் சத்தமும் 'டொக்'தான். இன்ஜின் மவுண்ட், கியர் பெட்டி மவுண்ட் ரப்பர்களையும் விடாதீர்கள். ஜிப்சியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக ரப்பர் மவுண்ட்டுகளில் தொங்குகிறது. அந்த ரப்பர் கிழிந்தால் முழுப் பெட்டியும் எழும்பி விழும்.

இவை எல்லாம் சரி என்றால் மட்டும் ஷாஃப்ட்டைத் திருப்பும்போது பினியன் எவ்வளவு சுற்றிய பிறகு கிரவுனைத் தொடுகிறது என்று பாருங்கள். பழைய வண்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை.

5. மெதுவாப் போறப்ப குருவி கத்தற மாதிரி 'கிரீச் கிரீச்'னு வருது, வேகம் போனா மறைஞ்சிடுது.

காய்ந்த கிராஸ். உள்ளே ஊசி ஊசியாக இருக்கிற பேரிங் உருளைகளில் கிரீஸ் போய், துரு ஏறியிருக்கும். கிராஸ் கப்பின் விளிம்பில் செந்நிறப் பொடி படிந்திருக்கிறதா பாருங்கள். நம் ஊர் வண்டிக்கு அடியில் எல்லாமே செம்மண் நிறமாகத்தான் இருக்கும், அதனால் விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். செம்மண் ஈர விரலில் களி போலக் குழையும். துரு குழையாது, மாவு போல வரி வரியாக ஒட்டும்.

துரு வந்துவிட்டால் கிரீஸ் அடித்தாலும் பத்து நாளைக்குத்தான் தாங்கும். கிராஸை மாற்றிவிடுங்கள். கிரீஸ் அடிக்கிற நிப்பிள் உள்ள கிராஸ் என்றால் நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் அடுத்துப் போகப்போவது.

6. கிராஸ் புதுசு போட்டதுக்கப்புறம் அம்பதுல வண்டி அதிருதுங்க. முன்ன இல்லாத வம்பு.

ஷாஃப்ட்டைக் கழற்றும்போது ஸ்லிப் ஜாயிண்ட்டையும் உருவியிருப்பார்கள், மாட்டும்போது ஸ்ப்லைனில் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) இடம் மாறியிருக்கும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கிற ஃபோர்க்குகள் ஒரே தளத்தில், ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். கிராஸ் சாய்ந்து சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன்கிராஸ் செய்வதைப் பின்கிராஸ் சரிக்கட்டுகிறது. ஃபோர்க் இடம் மாறினால் சரிக்கட்டாமல் அதிர்வு மேலே வரும். பல ஷாஃப்ட்டுகளில் இதற்காக அம்புக்குறி இருக்கும்; இல்லை என்றால் கழற்றும் முன் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்.

ஃபோர்க் நேராக இருந்தும் அதிர்ந்தால் கப்புக்குள் ஓர் ஊசி உருளை சாய்ந்திருக்கலாம், அல்லது ஷாஃப்ட்டில் ஒட்டியிருந்த பேலன்ஸ் தகடு விழுந்திருக்கலாம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஷாஃப்ட்டுக்குப் பேலன்ஸ் பார்க்கிற பட்டறைகளில் ஜீப் ஷாஃப்ட்டையும் பார்த்துத் தருவார்கள்.

7. 'ஊம்ம்'னு ஊங்குது. வீல் பேரிங்குங்களா, ஹவுசிங்குங்களா?

முதலில் டயரைச் சந்தேகியுங்கள். கட்டை கட்டையான மண் டயர் தாரில் ஊங்கும். புதுத் தார், பழைய தார், மண் என்று தரை மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர்.

தரை மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் வளைவில் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரங்கள் மேல் ஏறும். அப்போது கூடினால் வலப்பக்க பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். வளைவுக்கு அசையாமல், ஆக்சிலேட்டருக்கு மட்டும் மாறினால் ஹவுசிங். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தியதும் நான்கு ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங் அல்லது பிடித்துக்கொண்ட பிரேக்.

8. ஹவுசிங்தான்னு தெரிஞ்சா, கிரவுன் பினியனா பேரிங்கா?

மிதிக்கும்போது ஊளையிட்டு விட்டதும் அடங்கினால், அல்லது விடும்போது மட்டும் வந்தால், கிரவுன் பினியன் பற்கள் சேருகிற இடம் மாறியிருக்கிறது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கரகரவென்று வந்தால் பெரும்பாலும் பினியன் பேரிங். நேரில் சத்தமில்லாமல், வளைவில் மட்டும் உள்ளே கடகடத்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற சின்ன கியர்கள்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டினால் ஊளை நிற்காது. ஜோடியாகப் போட்டாலும் சிம் (மெல்லிய இடைத் தகடு) வைத்துப் பல் பதிவு பார்த்து அமைக்கத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். பல்லில் சாயம் பூசிச் சுற்றிப் பார்க்காமல் மூடுகிற இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

9. எல்லாப் பெட்டிக்கும் 90 ஆயில் ஊத்துனாப் போதாதுங்களா?

90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையின் அளவு மட்டும். டப்பாவில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று பற்களைக் காக்கிற தரமும் தனியாகப் போட்டிருக்கும். ஹவுசிங்கில் பற்கள் உரசிச் சறுக்கிச் சுற்றும்; அதற்கு ஜி.எல்.5 வேண்டும். கியர் பெட்டியில் சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாறும்போது வேகத்தை ஒன்றாக்குபவை) பித்தளை, அங்கே ஜி.எல்.4 கேட்கிற பெட்டிக்கு ஜி.எல்.5 ஊற்றினால் கியர் விழுவது கடினமாகும், நாளடைவில் பித்தளையும் அரிக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுவே ஊற்றுங்கள்.

ஆயில் இறக்கும் முன் மேலே ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் போய், கீழே ஆயிலை இறக்கியும் விட்டால் வண்டி அங்கேயே நிற்கும். இறக்கிய ஆயிலை வெயிலில் பாருங்கள். மினுமினு என்று மை போல நுண்தூள் இருப்பது தேய்மானம். விரலில் குத்துகிற துகள் இருந்தால் ஓட்டாதீர்கள்.

10. பள்ளத்துத் தண்ணியில இறங்கி வந்த பின்னாடிதான் சத்தமுங்க.

ஓடிச் சூடான ஹவுசிங் பள்ளத்துத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். மேலே இருக்கிற பிரீதர் (காற்றுப் போகும் துளை) மண்ணடைத்துக் கிடந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கும். அன்றைக்கே மாற்றுங்கள், பேரிங் துருப்பிடிக்க நாள் கணக்கு ஆகாது. பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ரப்பர் குழாய் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் இன்னும் நல்லது. முன் சக்கர ஹப் கிரீஸையும் பார்த்துவிடுங்கள்.

11. ஏந்தம்பி, ஹப்பைப் பூட்டியே வெச்சிருந்தாத் தப்பா?

முன் சக்கர ஹப்பில் இருக்கிற பூட்டைத்தான் கேட்கிறார்கள்; பூட்டினால் சக்கரம் முன் அச்சோடு சேர்ந்து சுற்றும், திறந்தால் தனியாகச் சுற்றும். டூ வீலில் பூட்டி ஓட்டினாலும் பிடிக்காது, உடையாது. முன் அச்சும் முன் ஷாஃப்ட்டும் சும்மா சுற்றும், கொஞ்சம் டீசல் கூடும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் பூட்டியே வைத்திருப்பது சரிதான்.

சத்தம் தேடுவதற்கு ஹப் நல்ல கருவி. டூ வீலில் இரண்டு ஹப்பையும் திறந்து ஓட்டுங்கள், பிறகு பூட்டி அதே ரோட்டில் ஓட்டுங்கள். பூட்டினால் மட்டும் சத்தம் வந்தால் முன் ஷாஃப்ட், முன் ஹவுசிங், நக்கிள் (முன் சக்கரம் திரும்புகிற முட்டி) உள்ளே இருக்கிற ஜாயிண்ட் ஆகியவற்றில் ஒன்று. முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'கடக் கடக்' வந்தால் அந்த ஜாயிண்ட்தான். ஒரு ஹப் மட்டும் பூட்டி மற்றது திறந்திருந்தால் ஃபோர் வீல் போட்டும் முன்பக்கம் இழுக்காது. திறந்த பக்கம் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். "ஃபோர் வீல் வேலை செய்யலை" என்று கொண்டுவருகிற வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

12. பின் ஷாஃப்ட்டைக் கழட்டிட்டு, முன் சக்கரத்துலயே ஓட்டிப் பாத்தா கண்டுபிடிக்கலாமுன்னு சொல்றாங்களே?

கண்டுபிடிக்கலாம். சமதளத்தில், காலி இடத்தில், மெதுவாக மட்டும். ஆனால் இதில் உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயம் இருக்கிறது. சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் டிரம்மாக இருக்கும். அது பின் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் என்பதே இல்லை.

அதே காரணத்தால் அந்த ஜீப்பில் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலும் ஹேண்ட் பிரேக் நிற்காது. தூக்கிய சக்கரம் சுற்றிக்கொடுக்க, தரையில் இருக்கிற சக்கரம் உருளும். கட்டை வைக்காமல் அடியில் படுக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பியும் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

13. மண்ணுல ஓட்டுனாலும் பிடிக்குதுங்ணா. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டு தரம் பிரிச்சாச்சு.

தாளவாடிப் பக்கத்திலிருந்து இப்படித்தான் ஒரு ஜீப் வந்தது. ஃபோர் வீல் போட்டால் நேராகப் போனாலும் திணறும். இரண்டு இடத்தில் பெட்டியைப் பிரித்துப் பேரிங் மாற்றியிருந்தார்கள். நான் பிரிக்கவில்லை. முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடுமிடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியை டயர் பத்துச் சுற்று சுற்றும்வரை தள்ளி, டேப் வைத்து அளந்தோம். முன்னும் பின்னும் ஒரே தூரம். டயர் சரி. அடுத்து ஹவுசிங்.

இதை நீங்களே செய்யலாம். கட்டை வைத்து, நியூட்ரலில், ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதுதான் ஹவுசிங்கின் விகிதம். முன்பக்கம் ஹப்பைப் பூட்டி, லீவர் டூ வீலில் இருக்க, இதையே செய்யுங்கள். அந்த ஜீப்பில் முன்னால் ஐந்தே கால் சுற்றைத் தாண்டியது, பின்னால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்னது 43க்கு 8 பல், 5.38. பின்னது 39க்கு 8, 4.88. உரிமையாளர் பின் ஹவுசிங்கைப் பழசாக வாங்கி மாட்டியிருந்தார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. பத்து சதவீத வித்தியாசம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் ஒரு ஜோடி டயர் இழுபட வேண்டும். எந்தப் பெட்டி தாங்கும்? பின்பக்கத்துக்கு 5.38 ஜோடி தேடிப் போட்டதும் பிடிப்பு நின்றது.

டயரிலும் இதே கதை சின்ன அளவில் நடக்கும். முன்னால் புது டயர், பின்னால் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தது என்றால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்குப் பதினாறு, பதினேழு மீட்டர். மண்ணில் அது தெரியாது, இறுகிய சரளையில் தெரியும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காத்து.

14. லோ கியர் தானா நழுவி நியூட்ரலுக்கு வந்துருது.

ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரைத்தான் சொல்கிறார்கள். லீவர் ராடும் மவுண்ட்டும் முதலில் (மவுண்ட்டுக்கு 4ஆம் பதில்). லீவர் அடியில் பாடியைத் தொட்டு முழுதாக விழாமல் நிற்கிறதா பாருங்கள். பிறகு ராடைப் பிடிக்கிற குண்டும் ஸ்பிரிங்கும். அதை வெளியிலிருந்தே மாற்ற முடிகிற பெட்டிகள் உண்டு. அப்புறமும் நழுவினால்தான் உள்ளே பல் தேய்ந்திருக்கும், பிரிக்க வேண்டும். அதுவரை லோ கியரை நம்பி மலை இறங்காதீர்கள். நடுவில் நழுவினால் இன்ஜின் பிடிப்பு முழுக்கப் போய்விடும்.

15. சத்தத்தோடவே எத்தன நாள் ஓட்டலாமுங்க?

ஹவுசிங் ஊளை பல வருஷம் அப்படியே ஓடும்; ஆயிலைச் சரியாக வைத்திருங்கள், போதும். கிளம்பும்போது வருகிற 'டொக்' யூ போல்ட்டாலோ மவுண்ட்டாலோ என்றால் அந்த வாரமே முடித்துவிடுங்கள். ஆட்டம் வந்த கிராஸ், சுடுகிற ஹப், நாளுக்கு நாள் கூடுகிற அதிர்வு மூன்றுக்கும் தவணை கிடையாது. பின் ஷாஃப்ட்டின் முன்முனை ஓட்டத்தில் கழன்று கீழே விழுந்தால் ரோட்டில் குத்தி வண்டியையே தூக்கும். ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஹேண்ட் பிரேக் உள்ள ஜீப்பானால் 12ஆம் பதிலில் சொன்னபடி அதுவும் கூடவே போய்விடும்.

திம்பமோ, 70 வளைவு உள்ள கொல்லிமலையோ ஏறப் போகிறீர்கள் என்றால் முதல் நாள் சாயங்காலம் கால் மணி நேரம் அடியில் படுத்து 4ஆம் பதிலில் சொன்ன கட்டைவிரல் சோதனையைச் செய்யுங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் கிராஸை மாற்றிவிட்டு மறுநாள் ஏறுங்கள்.